பழைய டீசல் லேண்ட் குரூசர்: முதலில் கேஜ், கடைசியில் பம்ப்

கேள்வி: அடிலெய்டில் இருக்கிறேன். 1992 மாடல் டொயோட்டா லேண்ட் குரூசர் 80 ஒன்றை வாங்கியிருக்கிறேன். 4.2 லிட்டர் டர்போ டீசல், ஆட்டோமேட்டிக் கியர், மூன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அடுத்த ஜூலையில் சிம்சன் பாலைவனத்தைக் கடக்க ஆசை. பெரிய எக்ஸாஸ்ட், இண்டர்கூலர், 33 அங்குல டயர், பம்ப் ட்யூனிங், கூடவே நாலைந்து கேஜ் என்று பட்டியல் நீள்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பணமில்லை. எதில் தொடங்கலாம்?

பதில்: இன்ஜினுக்கு டீசல் செலுத்தும் பம்ப்பைக் கடைசியாகத் தொடுங்கள். கேஜ்கள் (அளவுமானிகள்) அதற்கு முன்னால் வர வேண்டும். ஆனால் இந்த இன்ஜினில் அவற்றுக்கும் முந்திய வேலை ஒன்று இருக்கிறது.

உங்களிடம் இருப்பது 1எச்டி-டி. 1990 முதல் 1995 தொடக்கம்வரை 80 வரிசையில் வந்த ஆறு சிலிண்டர் இன்ஜின். அருமையான இன்ஜின்தான், ஆனால் அதன் பிக் எண்ட் பேரிங்குகள் (பிஸ்டன் தண்டு கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் இடத்தில் இருப்பவை) சீக்கிரம் தேயும் என்பது இந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முந்தைய உரிமையாளரிடம் பேரிங் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை இறக்க வேண்டாம், அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றிக் கீழிருந்தே மாற்றிவிடலாம். ராடு போல்ட்டுகளையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஆயில் பிரஷர் கேஜ் இதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் என்று நம்ப வேண்டாம். அதில் தெரியும்போது பேரிங் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆயில் மாற்றும்போது ஒரு சிறு பாட்டிலில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஈயமும் செம்பும் ஏறிக்கொண்டே போனால், பேரிங் தேய்கிறது என்று அதுவே சொல்லிவிடும். டைமிங் பெல்ட்டையும் பாருங்கள், 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது.

சரி, இப்போது கேஜ். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எக்ஸாஸ்ட் வெப்பநிலை கேஜ் வாங்குங்கள். பெட்ரோல் இன்ஜினில் எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும். டீசலில் நேர்மாறாக, கூடக் கூடத்தான் சூடு. கால் அழுத்த அழுத்த, காற்றுக்கு மிஞ்சிய டீசல் உள்ளே போய், எரியும் வெப்பம் பிஸ்டன் தலையில் இறங்குகிறது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அடியிலிருந்து ஆயில் பீய்ச்சுவதாலும் ஒவ்வொரு சுற்றிலும் புதுக் காற்று வந்து போவதாலும்தான் பிஸ்டன் தாக்குப்பிடிக்கிறது. மணலில் குறைந்த வேகத்தில் முழு பலத்துடன் ஏறும்போது அந்தப் பாதுகாப்பு மெலிந்துவிடும். கூலண்ட் கேஜ் அசையாமல் இருக்கும்போதே பிஸ்டன் போய்விட முடியும்.

இந்தக் கேஜ் சொல்வது உண்மையா என்பது அதன் சென்சார் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. டர்போவுக்கு (புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) பின்னால் பொருத்துவது சுலபம் என்பதால் பல கடைகளில் அங்கேதான் போடுவார்கள். ஆனால் டர்போ வெப்பத்தின் ஒரு பகுதியை வேலையாக மாற்றிவிடுவதால் அங்கே எண் குறைவாகத்தான் வரும். சுமை ஏறும்போது வித்தியாசம் 100 டிகிரியைத் தாண்டலாம், அது நிலையாகவும் இருக்காது. அதனால் மேனிஃபோல்டில், எல்லா சிலிண்டர்களின் புகையும் சேர்ந்து டர்போவுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் போடச் சொல்லுங்கள். துளையிடும்போது டர்போவைக் கழற்றியே ஆக வேண்டும் என்று வற்புறுத்துங்கள். ஓர் இரும்புத் துகள் உள்ளே போனாலும் டர்பைன் இறக்கை காலி. அந்த இடத்தில் அளக்கும்போது, நீண்ட ஏற்றத்தில் 650 டிகிரிக்குள் இருக்கட்டும். 700-ஐ நெருங்கினால் காலை எடுத்துவிடுங்கள். கடினமாக ஓட்டி நிறுத்தும்போது 200-க்குக் கீழ் இறங்கும்வரை ஐடிலில் விட்டு அணைத்தால் டர்போவின் ஆயிலும் கருகாது.

அடுத்தது கூலண்ட். வண்டியோடு வந்த கேஜின் முள், வெப்பம் ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. அது நகரத் தொடங்கும்போது பிரச்சினை முற்றியிருக்கும். எண்ணாகக் காட்டும் கேஜ் போடுங்கள். கூடவே சிலிண்டர் ஹெட்டில் போல்ட்டோடு இறுக்கும் உலோக வெப்ப சென்சாரும் அலாரமும் வேண்டும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்க வெளியேறினால், தண்ணீரில் நிற்க வேண்டிய சென்சார் வெறும் காற்றை அளந்துகொண்டு நிம்மதியான எண்ணைக் காட்டும். உலோகம் அப்படி ஏமாற்றாது. விலையோடு ஒப்பிட்டால் இதைவிட மதிப்புள்ள பாதுகாப்பு இந்த வண்டிக்குக் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

உங்களுடையது ஆட்டோமேட்டிக் என்பதால் கியர் ஆயில் வெப்ப கேஜும் அவசியம். மணலில் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்துவது) வழுக்கிக்கொண்டே இருக்கும், அந்த வழுக்கல் முழுக்கச் சூடாகத்தான் போகிறது. கியர்பெட்டியிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் சென்சார் வையுங்கள். 120 டிகிரியை எட்டினால் நின்று ஆறவிடுங்கள். தனி ஆயில் கூலர் போட்டால் நல்லது. பூஸ்ட் கேஜ் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது) மலிவு, தனியாகப் பார்த்தால் அதிகம் சொல்லாது. எக்ஸாஸ்ட் சூட்டோடு சேர்த்துப் படித்தால்தான் பயன்: பூஸ்ட் குறைந்து சூடு ஏறினால் எங்கோ ஹோஸ் கிழிந்திருக்கிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது.

கேஜ்கள் வந்ததும் எதையும் மாற்றாதீர்கள். வழக்கமான சுமையோடு, அடிலெய்டிலிருந்து கிராஃபர்ஸுக்கு ஏறும் சவுத் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஒரே வேகத்தில் போய், பக்கத்தில் இருப்பவரை எண்களைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே ஏற்றம்தான் தேர்வு.

மாற்றங்களில் முதலிடம் 3 அங்குல எக்ஸாஸ்டுக்கு. புகை தடையில்லாமல் போனால் சூடு இறங்கும். ஸ்நோர்க்கல் (உயரத்திலிருந்து காற்றை எடுக்கும் குழாய்) போட்டால் இணைப்புகள் ஒவ்வொன்றையும் சீல் செய்யுங்கள், தூசி கசிந்தால் இன்ஜின் உள்ளிருந்து தேயும். அப்புறம், டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர். ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் அதன் காற்றோட்டம் குறையும் என்பதால், கூலண்ட் எண்ணைக் கவனியுங்கள். பம்ப்பில் டீசலைக் கூட்டுவது இவற்றுக்கெல்லாம் பிறகு, கேஜைப் பார்த்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக. கரும்புகை வருகிறது என்றால் கூட்டியது அதிகம் என்று அர்த்தம்.

33 அங்குல டயரைச் சிம்சனுக்கு முன்னால் அவசரமாக வாங்க வேண்டாம் என்பேன். 275/70 ஆர்16 டயரை 285/75 ஆர்16 ஆக்கினால் சுற்றளவு சுமார் 5 சதவீதம் கூடும், அந்த அளவுக்கு இன்ஜினும் கியர்பெட்டியும் அதிகம் உழைக்க வேண்டும், ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். எந்த அளவுவரை அனுமதி என்பதை உங்கள் மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டு, இன்சூரன்ஸிலும் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஜூலை நல்ல தேர்வு. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கோடை வெப்பத்தால் சிம்சன் பாலைவனப் பூங்காவை மூடிவிடுவார்கள். நீங்கள் மேற்கிலிருந்து, டல்ஹவுசி வழியாக, பேர்ட்ஸ்வில்லை நோக்கிப் போனால் மணல்மேடுகளின் சாய்வு குறைந்த பக்கம் உங்களுக்கு எதிரில் வரும். கிழக்குப் பக்கம் செங்குத்து. டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள், போதவில்லையென்றால் 16. அப்போது அதே மேட்டில் எக்ஸாஸ்ட் எண்ணும் கியர் ஆயில் எண்ணும் இறங்குவதைப் பார்ப்பீர்கள். திரும்பத் தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றேற்ற ஒரு நல்ல கம்ப்ரெஸ்ஸர் வேண்டும். டயருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும்.