யாரைப் பிடிப்பது என்று கேட்ட தம்பிக்கு

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். லண்டனில் டெக்ஸ்டைல் டிசைன் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம், செப்டம்பரில் புறப்படுகிறாராம். "அக்கா, அங்கே எந்தெந்த நிகழ்ச்சிக்குப் போகணும், யாரைப் பிடித்தால் இந்தத் துறையில் சீக்கிரம் மேலே வரலாம்? வாடகை எவ்வளவு ஆகும், குளிருக்கு என்ன கொண்டுபோகணும், நம்ம ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். குளிர்க் கோட்டை அங்கே போய் வாங்கு தம்பி. புளியிலிருந்து பெருங்காயம் வரை ஈஸ்ட் ஹாமில் எல்லாம் கிடைக்கும். வாடகையைக் கல்லூரியில் கேட்டுக்கொள், அது வருஷத்துக்கு வருஷம் ஏறுகிற விஷயம்.

ஆனால் "யாரைப் பிடித்தால்" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2007இல் நானும் அதே நினைப்போடுதான் ஹீத்ரோவில் போய் இறங்கினேன்.

புறப்படும் முன் செக்காலை ரோட்டில் ஒரு கடையில் 200 விசிட்டிங் கார்டு அடித்தேன். போன முதல் மாதமே கேலரி கேலரியாக அலைந்தேன். லண்டனின் கிழக்குப் பக்கம் மாதத்தின் முதல் வியாழக்கிழமை பல கேலரிகள் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். எல்லார் கையிலும் ஒயின், என் கையில் ஆரஞ்சு ஜூஸ். யார் பெரிய ஆள் என்று பார்த்துப் பார்த்துப் போய்க் கார்டை நீட்டினேன். எல்லாரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். பொங்கல் வரை காத்திருந்தேன், ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை.

இப்போது யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. நம் பக்கத்தில் விசேஷ வீட்டுக்குப் போனால் மொய் எழுதுகிறோம். அவர்கள் நோட்டில் நம் பெயர் இருக்கும், நம் வீட்டு விசேஷத்தன்று அவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். ஒரு ரூபாய் எழுதாமல் பந்தியில் உட்கார்ந்து "எனக்கு எப்போது செய்வீர்கள்" என்று யாரும் கேட்பதில்லை. நான் கார்டை வைத்துக்கொண்டு கேட்டது அதைத்தான்.

எனக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தது ஒரு பெரிய ஆளும் இல்லை. கல்லூரி அச்சுக்கூடத்தில் சாயங்காலம் ஸ்கிரீன் (துணியில் அச்சடிக்கிற வலைச்சட்டம்) கழுவுகிற இடத்தில் ஒரு பெண்மணி வருவார், என்னைவிட இருபது வயது மூத்தவர், பழைய மாணவி. மெத்தை உறைகளுக்குத் துணி அச்சடித்துக்கொண்டிருந்தார். ஒரு சந்தைக்கு முந்தைய வாரம் அவருக்கு உதவிக்கு வரவேண்டியவர் வராமல் போய்விட்டார். இரண்டு இரவு நான் கூட நின்று துணி மடித்தேன், ஸ்கிரீனில் மை காய்வதற்குள் கழுவி வைத்தேன். அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்துத் திரைச்சீலைத் துணி செய்கிற ஒரு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. "ஸ்கிரீனை அழுக்காக விட்டுப் போகாத பெண் என்று உங்களைச் சொன்னார்" என்றார்கள். என் டிசைன்களின் தொகுப்பை, போர்ட்ஃபோலியோவை, அவர்கள் அப்புறம்தான் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், மொய் நோட்டு மாதிரியே. பார்த்தவர் பெயர், என்ன செய்துகொண்டிருந்தார், நான் அவருக்கு என்ன செய்தேன், அவர் எனக்கு என்ன செய்தார். பதினெட்டு வருஷத்தில் நான்கு நோட்டு முடிந்துவிட்டது. நீயும் முதல் நாளே ஒன்று தொடங்கு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலுக்கு, போன செட்டியார் வீட்டுப் பையன்களுக்கும் எடுத்த எடுப்பில் கடைப் பொறுப்பு வரவில்லை. பெட்டியடிப் பையனாக (கடை எடுபிடியாக), அடுத்தாளாக (கடை ஏஜெண்டுக்கு உதவியாளாக) இருந்து பழகிய பிறகுதான் வந்தது. அந்த மண்ணில் பிறந்த உனக்கு அடுத்தாளாக நிற்பதில் என்ன கூச்சம்?

ஆனால் கூட நிற்பது வேறு, ஏமாறுவது வேறு. இதைக் கவனமாகப் படி.

மாணவர் விசாவில் கல்லூரி நடக்கிற காலத்தில் வாரம் 20 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். சுயதொழில் கூடாது. சந்தையில் ஸ்டால் போட்டு உன் துணியை விற்பதும், யாருக்காவது டிசைன் செய்து பில் கொடுப்பதும் சுயதொழில்தான். "எல்லாரும் செய்கிறார்கள்" என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதே, விசா போனால் அவர் வந்து நிற்கமாட்டார். படித்து முடித்து கிராஜுவேட் விசாவுக்கு மாறினால் தாராளமாகச் செய்யலாம்.

அடுத்தது எனக்கு இன்னும் ஆறாத புண். என் தாமரை டிசைனை ஒரு கம்பெனி வாங்கியது. முதல் பெரிய காசு. சந்தோஷத்தில் நான்கு பக்கத் தாளை முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் பக்கத்தில் டிசைனின் காப்பிரைட் முழுவதும் அவர்களுக்கு என்று இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் கழுத்துத் துணியில் என் தாமரையைப் பார்த்தேன். அது எங்கள் வீட்டு நிலைப்படியில் தச்சர் செதுக்கிய தாமரை, சின்ன வயதில் நான் விரலால் தடவித் தடவி வரைந்து பழகியது. இன்று நான் அதை ஒரு துணியில் போட வேண்டுமானால் அவர்களைக் கேட்க வேண்டும். பிரிட்டிஷ் சட்டப்படி நீ வரைந்தது உன்னுடையது. சம்பள வேலையில் இருந்துகொண்டு அந்த வேலைக்காக வரைந்தால்தான் முதலாளிக்குப் போகும். மற்றபடி நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒழிய அது கை மாறாது. ஆகவே கையெழுத்தில் அவசரப்படாதே. எதற்கு, எத்தனை வருஷம், எந்த நாட்டில் என்று வரம்பு கட்டி, பயன்படுத்தும் அனுமதி (லைசென்ஸ்) மட்டும் கொடு. அசோசியேஷன் ஆஃப் இலஸ்ட்ரேட்டர்ஸ் என்று 1973இலிருந்து ஒரு சங்கம் இருக்கிறது. உறுப்பினர் ஆனால் ஒப்பந்தம், விலை எல்லாவற்றுக்கும் ஆலோசனை சொல்வார்கள். எனக்கு அது தெரிய வந்தபோது தாமரை போய்விட்டது.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழாவுக்குப் பேனரும் அழைப்பிதழும் செய்து கொடு, "உனக்கும் பெயர் கிடைக்கும்" என்பார்கள். மண்டபத்துக்கும் கேட்டரிங்குக்கும் காசு கொடுக்கிறவர்களுக்கு வரைகிறவளுக்குக் கொடுக்க மனம் வராது. ஒரு தடவை செய், இரண்டாம் தடவை விலை சொல். இன்னொரு வகை உண்டு, தமிழ்க் குரல் கேட்டால் ரயிலில் அடுத்த பெட்டிக்கு மாறிவிடுவார்கள், அப்படித்தான் முன்னேற முடியும் என்று நினைப்பு. எனக்கு இரண்டும் பிடிக்காது. கையில் காசில்லாத முதல் குளிர்காலத்தில் மாடி அறையைப் பாதி வாடகைக்குக் கொடுத்து, தினமும் இடியப்பமும் சொதியும் போட்டவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். என் நோட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது.

நிகழ்ச்சிகளைக் கேட்டாய். ஒன்று சொல்கிறேன்: கோடையில் இஸ்லிங்டனில் நடக்கும் நியூ டிசைனர்ஸ். படிப்பை முடிக்கிறவர்கள் தங்கள் டிசைன்களைக் காட்டுகிற இடம். முதல் வருஷம் சும்மா போய்ப் பார். மற்றதெல்லாம் அங்கே போனதும் தானாகத் தெரியும்.

இதை ஆத்தங்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்துப் பட்டறையில் ஆத்தங்குடிக் கல், தரையில் பதிக்கிற சிமெண்ட் கல், ஊற்றுகிறார்கள். அப்பாவும் நாற்பது வருஷம் இதே வேலை பார்த்தவர். நான் புறப்பட்ட அன்று ஒரு உடைந்த கல்லைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தார், எதற்கென்று சொல்லவில்லை. கல்லூரியில் நான் இங்கிலாந்துப் பூக்களை வரைந்துகொண்டிருந்தேன், யாரும் நின்று பார்க்கவில்லை. தாள் பறக்காமலிருக்க அந்தக் கல்லை மேலே வைத்திருந்தேன். பீங்கான் பிரிவுப் பையன் ஒருவன் அதை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "சூளையில் வைக்காமல் இந்தப் பளபளப்பு எப்படி வந்தது?" என்றான். கண்ணாடி மேல் ஊற்றுவதால் என்றேன். நம்பவில்லை. மறுநாள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். தகரத்தை வளைத்து அச்சு செய்தோம், நிறச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றினோம், கை அசையாமல் அச்சைத் தூக்க வேண்டும் என்று காட்டினேன். மூன்று கல் கண்ணாடியோடு சேர்ந்து உடைந்தது. நான்காவது, தண்ணீரில் ஊறி எழுந்து, ஒரு சத்தமும் இல்லாமல் கண்ணாடியை விட்டுக் கழன்றது. அந்த நான்கு பேரும் இன்றுவரை என் நோட்டில் இருக்கிறார்கள், நானும் அவர்கள் நோட்டில் இருக்கிறேன்.

அந்த நான்காவது கல்லை இந்த முறை ஊருக்குக் கொண்டுவந்தேன். அப்பா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிவப்பில் தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.