பாலைவனத்தில் சிலந்திப் பிரியர்களின் முகாம்: மகளைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸில் வேலை பார்க்கிறேன். டரான்டுலா என்கிற பெரிய முடிச் சிலந்தி, தேள், பூரான் என்று ஆர்வமாக வளர்க்கிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் ஆகஸ்ட் கடைசியில் டூசானுக்குத் தெற்கே பாலைவனத்தில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கப் போகிறார்கள். என் பத்து வயது மகள் சிலந்திப் பைத்தியம், கூட்டிப் போகச் சொல்லி நச்சரிக்கிறாள். மனைவிக்குத் துளியும் இஷ்டமில்லை. போகலாமா, என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? ஒரு டரான்டுலாவைப் பிடித்து வந்து வளர்க்கலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். உங்கள் மனைவி எதை நினைத்துப் பயப்படுகிறாரோ அந்த டரான்டுலா அங்கே இருப்பதிலேயே சாதுவான பிராணிகளில் ஒன்று. பயப்பட வேண்டியவை வேறு சில இருக்கின்றன, அவற்றுக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், காலம் சரியான காலம். நீங்கள் போகிற சொனோரன் பாலைவனத்தில் பருவமழைக் காலம் என்று வானிலைத் துறை கணக்கு வைப்பது ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. வருடம் முழுக்க வளைக்குள் கிடக்கிற உயிர்களெல்லாம் வெளியே வருவது இந்த மழையை ஒட்டித்தான். அந்தப் பக்கம் அதிகம் கண்ணில் படும் டரான்டுலா அஃபோனோபெல்மா சால்கோடெஸ். பெண் வெளிர் பழுப்பு, கொழுகொழுவென்று இருக்கும், தன் வளையை விட்டு அதிக தூரம் போகாது. ஆண் ஒல்லி, கால்கள் கருமை. சாலையைக் கடந்து போகிற டரான்டுலாவைப் பார்த்தால் அது அநேகமாகப் பெண்ணைத் தேடிக் கிளம்பிய ஆண்தான். அதன் முன்னங்கால்களின் அடியில் சின்னக் கொக்கி இருக்கும், மகளிடம் பூதக்கண்ணாடி கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். இணை சேரும்போது பெண்ணின் விஷப்பற்கள் தன் மேல் இறங்காமல் அந்தக் கொக்கியால்தான் மாட்டிப் பிடித்துக்கொள்கிறது.

வளையைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. கல்லோ புதரோ மறைக்காத தரையில் ஒரு வட்டத் துளை, அதன் வாயைச் சுற்றி மெல்லிய இழை பரப்பியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. வண்டு அந்த இழையை மிதித்தால் அதிர்வு உள்ளே போய்விடும். இருட்டிய பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, வெளிச்சத்தை நேராக அடிக்காமல் காத்திருந்தால் முதலில் இரண்டு கால் நுனிகள் துளையின் விளிம்பில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு அது வெளியே வரலாம், வராமலும் போகலாம். தரை அதிர நடந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கடித்தால்? கிட்டத்தட்டத் தேனீ கொட்டிய வலி, ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு அவ்வளவுதான். உண்மையான தொல்லை முடி. அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேல் அரிப்பு முடிகள் உண்டு, மிரண்டால் பின்னங்காலால் உதைத்துக் காற்றில் பறக்க விடும். தோலில் பட்டால் அரிக்கும், ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். கண்ணில் போனால் விளையாட்டில்லை, கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அதனால் முகத்துக்கு அருகில் வைத்துப் பார்க்கக் கூடாது, தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது, காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் கண்ணாடிக்கு மாறிக்கொள்வது நல்லது. முகாமில் யாராவது கையில் வைத்துப் பார் என்று நீட்டினால் மகள் தரையில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும். நின்றபடி வாங்கித் தவறவிட்டால் வயிறு வெடித்துச் சிலந்தி செத்துப்போகும்.

சரி, பயப்பட வேண்டியவை. முதலாவது, தேள்களில் ஒன்று. அரிசோனா மரப்பட்டைத் தேள் வைக்கோல் நிறம், ஒல்லியான கொடுக்கு, ஏழெட்டு சென்டிமீட்டருக்கு மேல் வளராது. பக்கத்திலேயே பதினான்கு சென்டிமீட்டர் வரை வளரும் முரட்டு ஹேரி தேள் ஓடும், பார்க்கப் பயங்கரம், விஷம் சாதாரணம். அமெரிக்கத் தேள்களிலேயே கடுமையான விஷம் அந்தச் சின்னதுக்குத்தான். அது ஏறும், தலைகீழாகத் தொங்கும். ஆகவே நாற்காலியின் அடியில், மேசை விளிம்பின் கீழே கையை விட்டுத் தூக்கும் பழக்கத்தை இரண்டு நாளைக்கு விட்டுவிடுங்கள். காலணியைத் தட்டிப் போடுங்கள், தரையில் படுக்காமல் மடக்குக் கட்டிலில் படுங்கள். கொட்டினால் பெரியவர்களுக்கு வலியும் மரமரப்பும் ஒரு நாள் இருந்து போகும். குழந்தைகளுக்கு அப்படி விட முடியாது: கண் தாறுமாறாக உருள்வது, எச்சில் வடிவது, கைகால் துள்ளுவது தெரிந்தால் அவசர உதவிக்கு 911-ஐ அழையுங்கள். இதற்கான முறிமருந்து 2011 முதல் அங்கீகாரம் பெற்றுப் பயன்பாட்டில் இருக்கிறது. சந்தேகத்துக்கு விஷ முறிவு உதவி எண் 1-800-222-1222. சிக்னல் இல்லாத இடமாகவும் இருக்கலாம், கிளம்பும் முன்பே அருகில் எந்த மருத்துவமனை என்று அமைப்பாளரிடம் கேட்டு வையுங்கள்.

இதே தேள்தான் மகளுக்கு அந்த இரவின் பெரிய சந்தோஷமாகவும் இருக்கும். புற ஊதா டார்ச் அடித்தால் தேளின் மேலோடு பச்சையும் நீலமுமாக ஒளிரும். 395 நானோமீட்டர் அலைநீள டார்ச் மலிவு, ஆனால் ஊதா வெளிச்சமே கண்ணைக் கூசும். 365 வாங்கினால் தேள் பளிச்சென்று தெரியும், அதன் ஒளியைக் கண்ணில் அடித்து விளையாடக் கூடாது. அப்போதுதான் சட்டை உரித்த தேள் ஒளிராது, மேலோடு இறுகிய பிறகுதான் ஒளிரும். அதனால் டார்ச்சில் எதுவும் தெரியவில்லை, இங்கே தேளே இல்லை என்று கையை ஊன்றிவிட வேண்டாம். நடக்கும்போது வெள்ளை வெளிச்சமும் வேண்டும், ராட்டில் பாம்பு ஒளிராது.

இரண்டாவது, தண்ணீர். வறட்சியும் வெள்ளமும் ஒரே நாளில் வருகிற ஊர் அது. மணல் படுகையாக, கூடாரம் போட வாகாகத் தெரிகிற இடம் காய்ந்த ஓடை, மலைப்பக்கம் பெய்த மழை இங்கே ஒரு சொட்டு விழாமலேயே அதில் இறங்கி ஓடும். கூடாரம் மேட்டில்தான். சாலையில் தண்ணீர் ஓடினால் காரை இறக்காதீர்கள், தடுப்பைத் தாண்டிப் போய் மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை ஓட்டியவரிடமே வசூலிக்க அரிசோனாவில் சட்டமே இருக்கிறது. குடிக்க, வெயிலில் நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஆளுக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு வையுங்கள். பகலில் நடக்காமலிருப்பதே மேல், பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் இரவில்தான் வரும்.

ஒரு சீப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். தலை வாருவதற்கில்லை, ஜம்பிங் சோயா என்கிற கள்ளியின் துண்டு உரசினாலே காலில் ஒட்டிக்கொள்ளும், கையால் பிடுங்கினால் கையிலும் ஒட்டும், சீப்பைக் கொடுத்துத் தட்டிவிட்டால் போய்விடும். நாயை வீட்டிலேயே விடுங்கள், மழைக்கு வெளியே வரும் பெரிய பாலைவனத் தேரையை வாயில் கவ்வினால் அதன் விஷம் நாயின் உயிரையே எடுத்துவிடலாம்.

கற்களைப் புரட்டினால் இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் உங்களை மதிப்பார்களா இல்லையா என்பது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. பகலில் கருநீல உடலும் ஆரஞ்சு இறக்கையுமாகப் பெரிய குளவி ஒன்று பூக்களில் திரியும். டரான்டுலாவைக் கொட்டி மரமரக்கச் செய்து, இழுத்துப் போய் அதன் மேல் முட்டையிடுகிற குளவி அதுதான். கொட்டும் வலிகளுக்கு மதிப்பெண் போட்ட டூசான் ஆய்வாளர் ஜஸ்டின் ஷ்மிட் இதற்கு உச்சமான 4 கொடுத்தார். கையால் பிடிக்காத வரை அது உங்களைச் சட்டை செய்யாது.

பிடித்து வரும் கேள்விக்கு என் பதில், வேண்டாம். தேசியப் பூங்காக்களில் எதையும் எடுக்கக் கூடாது, பழங்குடியினர் நிலத்திலும் மாநில அறக்கட்டளை நிலத்திலும் நுழையவே அனுமதி வேண்டும். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் கணக்கு ஒத்து வராது: நடந்து போகிற ஆண் எட்டு, பத்து வருடம் வளர்ந்து இந்த ஒரு பருவத்துக்காக வெளியே வந்தது, வீட்டுக்குக் கொண்டுபோனால் சில மாதங்களில் செத்துவிடும். பெண்ணோ இருபது வருடத்துக்கு மேல் அதே வளையில் வாழக்கூடியது. மகளுக்கு ஆசை அடங்கவில்லையென்றால், இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு வருகிறவர்களில் சிலர் வீட்டிலேயே முட்டையிட வைத்துப் பொரித்த குஞ்சுகளை வைத்திருப்பார்கள், அதில் ஒன்று வாங்குங்கள். அறிவியல் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள், செல்லப்பெயர் ஆளுக்கு ஆள் மாறும். பெண் குஞ்சாக அமைந்துவிட்டால் மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அதற்கு இரை போடுகிற வேலை உங்களுக்குத்தான் வரும், அதையும் மனைவியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.