தோட்டத்து லாட் நிலம்: கிராண்டில் உங்கள் பெயர் ஏறுமா?

கேள்வி: பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டிய 6 ஏக்கரை 60 லாட்டாகப் பிரித்து விற்கிறார்கள். லாட் 4,000 சதுர அடி, விலை 48,000 ரிங்கிட். முளைக்குச்சி அடித்து எண்ணும் போட்டாகிவிட்டது. 2,000 ரிங்கிட் முன்பணம் கட்டினால் இரண்டு வருடத்தில் தனி கிராண்டு (நில உரிமைப் பத்திரம்) வரும் என்கிறார்கள். சேமநிதிப் பணத்தைப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். முளைக்குச்சி யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். நில அலுவலகப் பதிவேட்டில் இருப்பது மட்டுமே நிலம்.

தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை உட்பிரிவு செய்தால் ஒவ்வொரு துண்டும் 0.4 ஹெக்டருக்குக் குறையக்கூடாது. அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர். கூட்டு உரிமையாளராகப் பெயர் ஏற்றவும் பொதுவாக இதே அளவுதான். அப்படியானால் 6 ஏக்கரில் ஆறு பேருக்கு இடம் உண்டு, அறுபது பேருக்கு இல்லை. இது விற்பவருக்கும் தெரியும். அதனால்தான் நிலத்தைத் தன் நிறுவனத்தின் பெயரிலேயே வைத்துக்கொண்டு, உங்களுக்கு நம்பிக்கைப் பத்திரமோ ஒப்பந்தமோ மட்டும் கொடுப்பார். நாளை அந்த நிறுவனம் நிலத்தை வங்கியில் அடகு வைத்தால், அல்லது திவாலானால், கிராண்டில் பெயர் இல்லாத நீங்கள் வரிசையின் கடைசியில் நிற்பீர்கள்.

வீட்டு மனையாக மாற்றிவிடுவோம் என்ற வாக்கும் தருவார்கள். நிலப் பயன்பாட்டை மாற்ற மாநில அரசின் ஒப்புதலும் பிரீமியக் கட்டணமும் வேண்டும். விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்பது ஒப்புதல் ஆகாது.

இந்த 6 ஏக்கர் பெரிய தோட்டத்தின் பகுதியா என்றும் பாருங்கள். ஒட்டியுள்ள நிலத்தோடு சேர்த்து 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற, அதே சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி தேவை. இந்தக் கட்டுப்பாடு நம் சனத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது. பெரிய தோட்டங்களை முதலாளிகள் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். அதற்கு எதிராகத்தான் உங்கள் ஊரில் பிறந்த ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஊரில், அதே தோட்டத்து மக்களின் ஓய்வுக்காலப் பணத்தைக் குறிவைத்து நிலத்தைத் துண்டு போட்டு விற்பது மனத்தை வருத்துகிறது.

எந்த நிலமானாலும் முதலில் கிராண்டு எண், லாட் எண், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) பெயர் மூன்றையும் கேளுங்கள். தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தந்தால் நில அலுவலகத்தில் சாரியான் ரஸ்மி, அதாவது பதிவேட்டின் அதிகாரபூர்வத் தேடல் அறிக்கை, எடுங்கள். விற்பவர் காட்டும் நகலை நம்ப வேண்டாம். உரிமையாளர் பெயர், நில வகை, நிபந்தனை, கைமாற்றத் தடை, அடகு, கேவியட் (உரிமை கோருபவர் பதிவேட்டில் போடும் தடைக் குறிப்பு), மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பதெல்லாம் அதில் தெரியும். முன்பணத்தை முகவரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். உங்கள் வழக்கறிஞரை நீங்களே தேடிப் பிடியுங்கள். விற்பவருக்கு வேலை செய்யும் வழக்கறிஞர் உங்களுக்காக வாதாட மாட்டார்.

ஏற்கெனவே கட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பத்திரப்படுத்தி, சேர்ந்தே ஒரு வழக்கறிஞரிடம் போகலாம். தனியார் கேவியட் போட முடியுமா, 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். காவல் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு வீடு லெலோங்கில் (ஏலத்தில்) மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், வங்கிக் கடன் கிடைக்குமா என்று முதலில் உறுதி செய்துகொண்டால். நீதிமன்ற ஏலத்தில் பொதுவாக 10 விழுக்காடு வைப்புத்தொகையோடு போக வேண்டும். மிச்சத்தை 120 நாளுக்குள் கட்ட வேண்டும், தவறினால் வைப்புத்தொகை போய்விடும். வீட்டை உள்ளே போய்ப் பார்க்க வழியிருக்காது. இருப்பவரை வெளியேற்றும் பொறுப்பும் செலவும் உங்களுடையது. நிலுவை நில வரி, மதிப்பீட்டு வரி யார் தலையில் விழும் என்பது விற்பனை அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். ஏலம் கேட்பதற்கு முன் அந்த அறிவிப்பை முழுக்கப் படியுங்கள்.