முகப்பும் வெளிவேடமும்

கேள்வி: ‘ஃபசாட்’ (facade) என்னும் ஆங்கிலச் சொல்லைக் கட்டட விளம்பரங்களிலும் அரசியல் கட்டுரைகளிலும் காண்கிறேன். இரண்டிடத்தும் பொருள் ஒன்றுதானா?

பதில்: வேர் ஒன்று, பொருள் இரண்டு. முகத்தைக் குறிக்கும் ‘ஃபாச்சா’ என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து ‘ஃபச்சாட்டா’ உருவாகி, பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், முதலில் கட்டடத்தின் முகப்பை மட்டுமே சுட்டியது. முகப்பு என்பது கட்டடத்தோடு பிரிக்க முடியாதபடி பிறப்பதன்று. பிளாரன்ஸ் நகரப் பேராலயத்தின் புகழ்பெற்ற குவிமாடம் 1436இல் முடிந்துவிட்டபோதிலும், இன்று நாம் காணும் பளிங்கு முகப்பு 1887இல்தான் நிறைவடைந்தது. அதே நகரத்துச் சான் லொரென்சோ ஆலயத்துக்கோ மைக்கலாஞ்சலோ முகப்பை வடிவமைத்தும், அது கட்டப்படாமல், முன்சுவர் இன்றும் பூச்சற்ற கல்லாகவே நிற்கிறது. முகப்பும் உட்புறமும் இவ்வாறு வேறு வேறாக இருக்கக்கூடும் என்பதால், உள்ளிருப்பதை மறைக்கும் புறத்தோற்றம் என்ற இரண்டாம் பொருள் கிளைத்ததில் வியப்பில்லை.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லும்போது இச்சொல்லில் பழிப்பு இல்லை. மனிதரையோ அரசையோ பற்றிச் சொன்னால், ‘வெளிவேடம்’ என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் உடன்வரும். துயரை மறைத்துச் சிரிப்பவரைக் குறிக்கையில் மட்டும் சற்றே பரிவு தொனிக்கலாம். ஆகவே ஒருவருடைய அழகிய தோற்றத்தைப் பாராட்ட இதைப் பயன்படுத்தாதீர்கள்; அதற்கு ‘அப்பியரன்ஸ்’ போதும். எழுத்துகளைப் பார்த்து ‘ஃபகேட்’ என்று படிப்பதும் பிழை.