எத்தனை டாங்கி?

வணக்கம் சார்,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பரம்வீர் சக்ரா பெற்ற ஒரு வீரரைப் பற்றிப் பள்ளியில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஹவில்தார் அப்துல் ஹமீதை அவளே தேர்ந்தெடுத்தாள். படிக்க ஆரம்பித்ததும் குழப்பம். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் அவர் அடித்த டாங்கிகள் ஓரிடத்தில் மூன்று, ஓரிடத்தில் நான்கு, இன்னும் சில இடங்களில் ஏழு, எட்டு என்று இருக்கிறது. குடும்ப வாட்ஸப் குழுவில் கேட்டேன். “ஒரே ஆள் ஜீப்பில் போய் இத்தனை டாங்கியை அடித்தார் என்பதெல்லாம் கட்டுக்கதை” என்று ஓர் உறவினர் எழுதினார். இன்னொருவர், “ஒரு முஸ்லிம் நாட்டுக்காக உயிரைக் கொடுத்தார் என்று சொல்லச் சொல்லு, அது போதும்” என்றார். மகள் இப்போது வேறு யாரையாவது பற்றிப் பேசிவிடட்டுமா என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

எஸ்., தென்காசி


அன்புள்ள எஸ்.,

ஆளை மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். எண்ணிக்கை ஒத்துவராதபோது நின்று யோசித்தாளே, அதற்கே அவளைப் பாராட்ட வேண்டும்.

முதலில் அந்த எண்ணிக்கை. விருதுக்கான அரசு அறிவிப்பு 1965 செப்டம்பர் 10 காலையில் நடந்ததை மட்டும்தான் சொல்கிறது. எட்டு மணிக்குப் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளின் தாக்குதல் தொடங்குகிறது. ஒன்பது மணிக்குள் அவை முன்வரிசைக் காவல் நிலைகளுக்குள் புகுந்துவிடுகின்றன. ஹமீத் பீரங்கி பொருத்திய தன் ஜீப்பைப் பக்கவாட்டில் கொண்டுபோய் முன்னால் வந்த டாங்கியை அடிக்கிறார். இடம் மாறி இன்னொன்றை எரியவிடுகிறார். மூன்றாவதைச் சுட்டுக்கொண்டிருக்கும்போது குண்டு அவர் மேல் விழுகிறது. அறிவிப்பு அவ்வளவுதான். ஆனால் சண்டை 8ஆம் தேதியே தொடங்கிவிட்டது. அவருடைய படைப்பிரிவான 4வது கிரெனேடியர்ஸ் பட்டாலியன் 8, 9 தேதிகளில் நடந்ததையும் சேர்த்துச் சொல்கிறது. அங்கேதான் எண் கூடுகிறது. அடிபட்டு எரிந்த டாங்கியோடு, பக்கத்து டாங்கி எரிவதைப் பார்த்து உள்ளே இருந்தவர்கள் இறங்கி ஓடிவிட்ட டாங்கியையும் எண்ணுவதா? கரும்புக் காட்டுக்குள் நாலு பக்கத்திலிருந்தும் ஒரே டாங்கியைச் சுட்டால் அது யார் கணக்கு? இதனால்தான் எண்கள் மாறுகின்றன. இதில் கட்டுக்கதை எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் உறவினர் சொன்னதில் ஒரு பாதி சரி. ஒரே ஆள் அந்தப் போரை ஜெயிக்கவில்லை. பஞ்சாப் எல்லையில் உள்ள கேம்கரண் ஊர் கையைவிட்டுப் போனதும், நம் 4வது மவுண்டன் டிவிஷன் பின்னால் வந்து அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் நிலைகொண்டது. வாய்க்காலை உடைத்து வயல்களில் தண்ணீர் பாய்ச்சினார்கள். டாங்கிகள் சேற்றில் சிக்கின. உயரமாக வளர்ந்திருந்த கரும்பில் நம் டாங்கிகளும் பீரங்கி பொருத்திய ஜீப்புகளும் மறைந்திருந்தன. இந்தியத் தரப்புக் கணக்குப்படி பாகிஸ்தான் அங்கே இழந்தது 97 டாங்கிகள். பிடிபட்டவற்றை பிக்கிவிண்ட் என்ற ஊரில் வரிசையாக நிறுத்திவைத்தார்கள். அந்த இடத்துக்கே பாட்டன் நகர் என்று பெயர் வந்தது. அசல் உத்தர் என்ற பெயரை நமக்கு மொழிபெயர்க்கக்கூட வேண்டாம். அசல் நமக்கும் அசல்தான். உத்தரம் என்றால் பதில், பழைய தமிழ்க் கடிதங்களில் பார்த்திருப்பீர்கள்.

சரி, அந்த ஜீப்புக்கு வருவோம். உங்கள் மகள் ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடத்தை இதற்குக் கொடுக்கலாம்.

அவரிடம் இருந்தது 106 மில்லிமீட்டர் ஆர்.சி.எல். (ரீகாயில்லெஸ்) பீரங்கி. சுடும்போது பின்னால் உதைக்காது, அதனால் சாதாரண ஜீப்பிலேயே பொருத்திவிடலாம். குழாய் மட்டும் பதினோரு அடி நீளம் இருக்கும். உதைப்பு இல்லாமல் போவதற்கு ஒரு விலை உண்டு. வெடிப்பில் வரும் வாயுவின் பெரும்பகுதி பின்பக்கமாக வெளியே போகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் பெரிய நெருப்பும் புழுதி மேகமும் எழும்பி, சுட்டவன் எங்கே இருக்கிறான் என்று எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான், மறுபடி கையால் போட வேண்டும். குழாயின் மேல் ஒரு சின்னத் துப்பாக்கி இருக்கிறது. முதலில் அதைச் சுட்டு, அந்தத் தோட்டா சரியாகப் படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெரிய குண்டை விட வேண்டும். அதற்குள் பார்த்துவிட்டால் டாங்கி திருப்பிச் சுடும். ஜீப்பில் கவசம் கிடையாது, கூரை கிடையாது. எதிரே வருவது ஏறத்தாழ 45 டன் எடையுள்ள இரும்பு, அதில் 90 மில்லிமீட்டர் பீரங்கி.

ஆகவே இந்த ஆயுதத்தை வைத்திருப்பவன் பிழைக்க வேண்டுமானால் ஒரே வழி: அடி, உடனே இடத்தை மாற்று. ஹமீத் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கடைசியில் டாங்கிகள் அவரைக் கண்டுகொண்டன, இயந்திரத் துப்பாக்கியும் பீரங்கியும் அந்த ஜீப்பின் மேலேயே திரும்பின. அப்போதும் அவர் அடுத்த டாங்கியைக் குறிவைத்தார். எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், என்னால் தாண்டிப்போக முடியாத கணம் அது.

இதைச் செய்தவர் யார்? உத்தரப் பிரதேசம் காஜிப்பூர் மாவட்டம் தாமுப்பூர் கிராமத்துத் தையற்காரரின் மகன். 1933 ஜூலை 1 அன்று பிறந்தவர், அவரும் தையல் தெரிந்தவர். 1954 டிசம்பரில் ராணுவத்தில் சேர்ந்தார். 1962 சீனப் போரில் அவருடைய பட்டாலியன் நம்கா சூ ஆற்றங்கரையில் சிதறியது. அந்தத் தோல்வியிலிருந்து மீண்டு வந்த ஆட்களில் அவரும் ஒருவர். 1965இல் அவருடைய பதவி கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார். அதாவது ஸ்டோர் பார்ப்பவர்.

என் சித்தப்பாவும் ராணுவத்தில் ஸ்டோர் பார்த்தவர். கம்பளி, பூட்ஸ், சாப்பாட்டுத் தட்டு, எல்லாவற்றுக்கும் கணக்கு. லீவில் வந்தால், “நீ எல்லையில நிக்கல, கணக்குதான் எழுதுற” என்று ஊரில் கேட்பார்கள். அவர் பதில் சொன்னதே இல்லை. பின்னாளில் ஹமீதின் பதவி என்ன என்று படித்து அவரிடம் சொன்னபோது, “எனக்குத் தெரியும்டா” என்று மட்டும் சொன்னார்.

ஹமீத் ஸ்டோருக்கு வருமுன் பல வருடம் டாங்கி எதிர்ப்புப் பிரிவில் இருந்தவர். அந்தப் பீரங்கியில் அவரைப் போலக் குறிபார்க்கும் ஆள் அரிது. அதனால்தான் போர் நெருங்கியபோது அதிகாரி அவரை மறுபடி பீரங்கிக்கு அழைத்தார். பல வருடம் பழகிய கை என்பதை மகள் கட்டாயம் சொல்ல வேண்டும். அது ஏதோ ஆவேசத்தில் நடந்த காரியம் அல்ல.

உங்கள் இன்னொரு உறவினர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. “முஸ்லிம் ஒருவர் நாட்டுக்காகச் செத்தார்” என்று ஆரம்பித்தால், அவர் ஏதோ ஒரு சந்தேகத்துக்குப் பதில் சொல்லப் போனவர் மாதிரி ஆகிவிடும். அவர் போனது டாங்கியை நிறுத்த. அந்தப் பட்டாலியனின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஃபர்ஹத் பட்டி. பக்கத்தில் செஞ்சூரியன் டாங்கிகளோடு நின்ற 3வது கேவல்ரியின் தளபதி லெப்டினன்ட் கர்னல் சலீம் கேலப், ஒரு கிறிஸ்தவர். அந்தக் கரும்புக் காட்டில் யாரும் யாரிடமும் சான்றிதழ் கேட்டிருக்க மாட்டார்கள். ஹமீதின் பெயரையும் ஊரையும் சொன்னாலே கேட்பவர்களுக்கு எல்லாம் புரியும்.

அப்புறம், ரசூலன் பீவி. விருது செப்டம்பர் 16 அன்றே, ஹமீத் இறந்து ஒரு வாரம் ஆவதற்குள் அறிவிக்கப்பட்டது. 1966 குடியரசு தினத்தன்று ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் கையிலிருந்து அதை வாங்கியவர் ஹமீதின் மனைவி ரசூலன் பீவி. இறந்தபோது ஹமீதுக்கு வயது 32தான். அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கும் மேல் அந்த நினைவைத் தூக்கிச் சுமந்தவர் இந்த அம்மா. கணவரின் சமாதி ஊரில் இல்லை, பல நூறு மைல் தள்ளிப் பஞ்சாபில், அவர் விழுந்த மண்ணிலேயே இருக்கிறது. செப்டம்பர் 10 அன்று தாமுப்பூர் நினைவிடத்துக்கு வர வேண்டும் என்று ராணுவத் தளபதியிடமே கேட்டார். 2017இல் ஜெனரல் பிபின் ராவத் அங்கே போனார். 2019 ஆகஸ்ட் 2 அன்று ரசூலன் பீவி காலமானார்.

அவர் போன பிறகு என்ன நடந்தது பாருங்கள். 2023இல் அந்தமானில் ஒரு தீவுக்கு ஹமீதின் பெயர் வைத்தார்கள். 2025இல் அவர் படித்த கிராமத்துப் பள்ளியின் வாசலிலிருந்து, வெள்ளையடித்தபோது அவர் பெயர் போய்விட்டது. குடும்பத்தார் கேள்வி கேட்ட பிறகுதான் மறுபடி எழுதினார்கள். யார் போகப் போகிறார்கள் அந்தத் தீவுக்கு? அந்தப் பள்ளி வாசலைப் பிள்ளைகள் தினமும் கடக்கிறார்கள். எனக்கு அந்தச் சுவர்தான் பெரிதாகத் தெரிகிறது.

டாங்கி எத்தனை என்று யாராவது கேட்டால், “விருது அறிவிப்பில் கடைசி நாள் காலை மட்டும் இருக்கிறது, மூன்று நாளையும் சேர்த்தால் அதற்கு மேல்” என்று மகள் சொல்லட்டும். ஐந்து நிமிடம் போதாவிட்டால் 97 டாங்கிக் கணக்கை விட்டுவிடலாம், ரசூலன் பீவியை விட வேண்டாம். எப்படிப் பேசினாள் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.