புரதத்தில் கோளாறு என்றால் பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி: என் தந்தைக்கு ஏ.எல்.எஸ். எனும் இயக்க நரம்பணு நோய் இருப்பது உறுதியாகியுள்ளது. இந்நோயில் ‘டிடிபி-43’ என்ற புரதம் நரம்பணுக்களில் தேங்குவதாக மருத்துவர் விளக்கினார். நானும் என் தம்பியும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?
- வாசகி, ஈசூன்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் பரிசோதிக்கப்பட வேண்டியவர் உங்கள் தந்தைதான்.

டிடிபி-43, ஆர்.என்.ஏ.வுடன் பிணையும் புரதங்களுள் ஒன்று. புரதம் உருவாக்குவதற்கான குறிப்பாக மரபணுவிலிருந்து படியெடுக்கப்பட்ட ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டிச் சீராக்கும் பணி செல்லின் உட்கருவில் நடக்கும்போது, வேண்டாத துண்டு எதுவும் இடையில் நுழைந்துவிடாமல் இது காவல் காக்கிறது. ஏ.எல்.எஸ். நோயிலோ இப்புரதம் உட்கருவை விட்டு வெளியேறி, அதற்கு வெளியே திரள்திரளாகத் தேங்கிவிடுகிறது. தேக்கத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். உட்கருவில் காவல் இல்லாமற்போவதும் அதற்குக் குறையாத கேடு என்பேன். எடுத்துக்காட்டாக, சேதமுற்ற நரம்பிழை மீண்டும் வளர்வதற்கு உதவும் ஸ்டாத்மின்-2 என்ற புரதத்தின் ஆர்.என்.ஏ.வில் அப்போது வேண்டாத துண்டு புகுந்துவிடுவதால், அப்புரதம் போதிய அளவு உருவாவதில்லை.

இத்தேக்கத்தில் டிடிபி-43 இருப்பது 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினரிடம் இது காணப்படுகிறது. ஆனால் அப்புரதத்தை உருவாக்கும் மரபணுவிலேயே பிறழ்வு உடையவர்கள் மிகச் சிலர். குடும்பவழியாக நோய் வந்தவர்களிலும் அவர்கள் சிறுபான்மையினரே. ஆகவே, புரதம் தேங்குகிறது என்பதாலேயே நோய் பரம்பரையாக வந்தது என்று கொள்ள இடமில்லை. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் பத்தில் ஒருவருக்குத்தான் குடும்ப வரலாறு இருக்கிறது.

அப்படியிருந்தும் தந்தையின் பரிசோதனையை நான் வலியுறுத்துவதற்குச் சிகிச்சையே காரணம். இந்நோயோடு தொடர்புடைய மற்றொரு மரபணுவான எஸ்.ஓ.டி.1இல் பிறழ்வு இருந்தால் (அவ்வகை நோயில் டிடிபி-43 பெரும்பாலும் தேங்குவதில்லை), அவ்வகைக்கென 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டோஃபர்சன் மருந்தைப் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் பேசலாம்.

நோய்க்குக் காரணமான பிறழ்வு அவரிடம் உறுதியானால், பொதுவாகப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க 50 விழுக்காடு வாய்ப்புண்டு. அந்நிலையில் மரபியல் ஆலோசகரைச் சந்தித்த பிறகே நீங்கள் இருவரும் தனித்தனியே முடிவெடுங்கள். தெரிந்துகொள்ள வேண்டாம் என்பதும் முறையான முடிவுதான். காப்புறுதி குறித்தும் அச்சந்திப்பிலேயே கேளுங்கள். சிங்கப்பூரில் 2021 முதல் நடப்பிலுள்ள ஏற்பாட்டின்படி, அறிகுறியற்ற ஒருவரை முன்கணிப்பு மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு காப்புறுதி நிறுவனங்கள் வற்புறுத்தக் கூடாது. ஏற்கெனவே அறிகுறி உள்ளவருக்கு நோயை உறுதிசெய்யச் செய்யப்படும் பரிசோதனைக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.