சரிவுத் தோட்டத் திராட்சை: இரண்டு ரகத்தையும் ஒன்றாக அறுக்கலாமா?

கேள்வி: மலைச்சரிவில் எங்கள் குடும்பமே பார்த்துக்கொள்ளும் சிறிய திராட்சைத் தோட்டம். இயற்கை முறைதான், கந்தகமும் போர்டோ கலவையும் (தாமிர சல்ஃபேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சை மருந்து) தவிர வேறு மருந்து அடிப்பதில்லை. சாவிஞோன் பிளாங்க், செமியோன் இரண்டையும் ஒரே நாளில் அறுத்து, சேர்த்தே பிழிந்து வெள்ளை ஒயின் செய்கிறோம். இரண்டு ஆண்டுகளாக மணமில்லாமல் சப்பென்று வருகிறது. ஒரு தொட்டியில் அழுகிய முட்டை வாடை வேறு. எங்கே தவறுகிறோம்?

பதில்: உங்கள் ஒயின் கெடுவது பிழிவதற்கு முன்பே, தோட்டத்தில். சாவிஞோன் முந்திப் பழுக்கும். செமியோன் பழுக்கட்டும் என்று நீங்கள் காத்திருந்த நாட்களில் சாவிஞோனின் புளிப்பு இறங்கியிருக்கும். இந்தக் கூட்டில் புளிப்பையும் மணத்தையும் சாவிஞோன்தான் தர வேண்டும். செமியோன் தருவது கனமும் வழவழப்பும். முதலாவது போய்விட்டால் நாக்கில் கனம் மட்டுமே நிற்கும்.

எனவே தனித்தனியாக அறுங்கள். ரகத்தை மட்டுமல்ல, சரிவையும் மேல், நடு, அடி என்று பிரித்துக்கொள்ளுங்கள். அடிப்பகுதியில் பெரும்பாலும் மண் ஆழமாக இருக்கும், ஈரம் தங்கும், கொடி தழைத்துக்கொண்டே போகும். இரவில் குளிர்காற்று இறங்கித் தேங்குவதும் அங்கேதான். மேலே மண் கனம் குறைவு, பழமும் சிறுக்கும். ஒரே ரகமானாலும் இரண்டு இடத்திலும் சேர்ந்து பழுக்காது.

அறுவடை நெருங்கும்போது ஒவ்வொரு பகுதியிலும் நூறு பழம் பறித்துச் சாறெடுத்துப் பாருங்கள். கை தானாகவே அழகான குலைக்குத்தான் போகும், அங்கே ஏமாறாதீர்கள். குலையின் தோள், நுனி, வெயில்பக்கம், நிழல்பக்கம் எல்லாம் கலந்திருக்க வேண்டும். சாவிஞோன் 21 முதல் 22 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு), பி.எச். (இது ஏற ஏறப் புளிப்பு குறையும்) 3.2 அருகே வந்தால் அறுத்துவிடலாம். செமியோனை 23 பிரிக்ஸ் வரை விடலாம், ஆனால் பி.எச். 3.4-ஐத் தாண்டக் கூடாது. செமியோனுக்குத் தோல் மெல்லியது. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் குலை அழுகிவிடும், அப்போது ஒரு பிரிக்ஸ் குறைந்தாலும் அறுப்பதே மேல். அழுகிய பழத்தைக் கொடியிலேயே வெட்டித் தள்ளுங்கள். அதிலுள்ள நொதி சாற்றைப் பழுப்பாக்கிவிடும்.

இனி முட்டை வாடை. பழத்தில் ஒட்டிய கந்தகம் தொட்டிக்குள் போனால் ஈஸ்ட் அதை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அறுவடைக்கு ஐந்து வாரம் முன்பே கந்தகத் தெளிப்பை நிறுத்துங்கள். தாமிரத்தையும் கடைசிவரை இழுக்காதீர்கள்: சாவிஞோனின் பழமணத்தைத் தரும் பொருட்களோடு அது பிணைந்து மணத்தைக் கொன்றுவிடும். இயற்கை முறையில் அனுமதி உண்டு என்பதற்காகத் தாமிரத்தைத் தாராளமாக அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அது மக்காது, மண்ணிலேயே சேர்ந்து மண்புழுவைப் பாதிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோ தாமிரம்தான் உச்சவரம்பு. அந்தக் கணக்கை நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிஞ்சு பிடித்ததும் காலை வெயில் படும் பக்கத்தில் குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிவிட்டால் காற்றோடி ஈரம் சீக்கிரம் காயும், தெளிப்பும் குறையும்.

பிழிந்த சாறுகளையும் தனித்தனியாகவே, 15 முதல் 18 டிகிரி செல்சியஸில் நொதிக்க விடுங்கள். தொட்டி போதவில்லை என்றால் சிறு கலன்கள் போதும். நொதித்து முடிந்தபின் எந்தக் கலனையும் பாதி காலியாக வைக்காதீர்கள், காற்று பட்டால் மணம் போய்விடும். தெளிந்த பிறகு 100 மில்லி அளவுக்குவளையில் சாவிஞோனையும் செமியோனையும் 70:30, 60:40, 50:50 என்று கலந்து, விகிதத்தை மறைத்துவிட்டு வீட்டார் எல்லோரும் ருசி பார்க்கட்டும். தேறிய விகிதத்தில் மொத்தத்தையும் கலந்தபின் மூன்று நான்கு வாரம் பொறுங்கள். தனித்தனியே தெளிவாக நின்ற இரண்டு ஒயின்கள் கலந்ததும் கலங்குவதுண்டு. அது அடங்கிய பிறகே பாட்டிலில் அடையுங்கள்.